கை கழுவச் சொல்வது யார்? பிள்ளைகள் யார் பேச்சைக் கேட்கிறார்கள்?

கொன்றைப்பூ (தொடக்கப் பள்ளி ஆசிரியை)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது ஒன்று முதல் ஐந்து வரை உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. காலை உணவு, மதியச் சத்துணவு இரண்டும் பள்ளியிலேயே. அக்டோபர் 15 கை கழுவும் தினத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வந்து பேசினார்கள். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டார்கள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகம், மணிக்கட்டு என்று இன்றைக்குக் கேட்டாலும் ராகம் போட்டுச் சொல்வார்கள்.

ஆனால் மதிய மணி அடித்ததும் நடப்பதே வேறு. தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடுகிறார்கள். தட்டை அலசும்போது கையும் நனைகிறது, அதுவே கழுவியதாகக் கணக்கு. சோப்பு பக்கத்திலேதான் இருக்கிறது. அதற்கு மேலே சுவரில் ஒரு சினிமா நடிகர் சிரித்தபடி கை கழுவும் போஸ்டரும் இருக்கிறது. அதை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

இதற்கு நடுவில் ஒன்று கவனித்தேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண், தினமும் தன் தம்பியை இழுத்துவந்து சோப்பு போட்டுக் கழுவிவிடுவாள். இப்போது அந்தத் தம்பியின் சிநேகிதர்கள் இரண்டு பேர் தாங்களாகவே அவள் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். டாக்டர் சொல்லி நடக்காதது, நடிகர் சிரித்து நடக்காதது, அவள் ஒன்றுமே சொல்லாமல் நடக்கிறது.

அடுத்த மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். ஒரு உறுப்பினர் பெரிய ஃபிளெக்ஸ் வைக்கலாம் என்கிறார். இன்னொருவர் டிவியில் வரும் ஒருவரை விழாவுக்கு அழைத்து வருகிறேன் என்கிறார். இருக்கிற கொஞ்சப் பணத்தை அப்படிச் செலவழிக்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகளின் பழக்கத்தை உண்மையிலேயே மாற்றக்கூடியவர் யார்? படித்தவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஊர்க்கிணறு (சமூகநல ஆய்வுப் பணி)

டீச்சர், நம் எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் மாவட்டத்தில் 2011 வாக்கில் நடந்த ஒரு முயற்சியைச் சொல்கிறேன். பெயர் 'சூப்பர் அம்மா'. லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆய்வு நிறுவனத்தாரும் சேர்ந்து செய்தது. 14 கிராமங்கள். ஏழில் பிரச்சாரம் செய்தார்கள், மற்ற ஏழு கிராமங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விட்டுவைத்தார்கள்.

அதில் டாக்டரும் இல்லை, வெள்ளைக் கோட்டும் இல்லை. கிருமி, வயிற்றுப்போக்கு என்ற பேச்சே எடுக்கவில்லை. தூது சொல்ல வந்தவள் ஒரு கிராமத்து அம்மா. பிள்ளையை நல்ல பழக்கத்தோடு வளர்க்கிறாள், அவன் பெரியவனாகி நன்றாக வருகிறான். அவளுக்கு எதிர்ப்பக்கம் 'லட்டு லிங்கம்' என்று ஒரு ஆள். அழுக்குக் கையோடு லட்டு பிடிப்பான், பார்ப்பவர்களுக்குக் குமட்டும். பள்ளிக்கூடத்திலும் நாடகம், படம் என்று போட்டார்கள். ஊரார் முன்னிலையில் பெண்கள் உறுதிமொழி எடுத்தார்கள்.

முதலில் இரண்டு பக்கத்துக் கிராமங்களிலும் சோப்பு போட்டுக் கழுவுவது 1, 2 சதவீதம்தான். ஆறு வாரத்தில் பிரச்சாரம் நடந்த ஊர்களில் 19, மற்றதில் 4. ஆறு மாதத்தில் 37, மற்றதில் 6. அதன்பிறகு மீதி ஊர்களுக்கும் அதையே சுருக்கிக் கொடுத்தார்கள். பன்னிரண்டாம் மாதம் பார்த்தபோது இரண்டு பக்கமும் 29.

37 என்பது பாதிகூட இல்லையே என்று தோன்றும். ஆனால் வெறும் 1-இலிருந்து கிளம்பியது அது. நான் இதில் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: கேட்கிறவர்கள் "இவள் நம்மில் ஒருத்தி, நானும் இவளைப்போல ஆகலாம்" என்று நினைக்கக்கூடிய ஆளைத் தேடிப் பிடித்தார்கள். நீங்கள் சொன்ன ஐந்தாம் வகுப்புப் பெண் அந்த வகைதான். நடிகரைப் பார்த்து எந்தப் பிள்ளையும் "நாளைக்கு நான் இவராகிவிடுவேன், அதனால் கை கழுவுகிறேன்" என்று நினைக்கப்போவதில்லை.

சாம்பல்நாரை

எல்லோரும் ஆளைத் தேடுகிறீர்கள். நான் குழாயைப் பற்றிக் கேட்கிறேன். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை குழாய்? சோப்பு பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கம்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டுமா?

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து எடுத்த கணக்கில், 2019-இல் உலகப் பள்ளிகளில் 43 சதவீதத்தில் தண்ணீரும் சோப்பும் சேர்ந்து கிடைக்கிற இடம் இல்லை. 81 கோடிக்கும் மேலான பிள்ளைகள். அவர்களுக்கு யாரைத் தூது அனுப்பி என்ன பயன்?

வங்கதேசத்தில் இரண்டு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது, 2016-இல் வெளியானது. கை கழுவ நல்ல இடம் கட்டினார்கள். கழிப்பறையிலிருந்து அங்கே வரைக்கும் பளிச்சென்று ஒரு பாதை போட்டார்கள். அதில் பாதத் தடம் வரைந்தார்கள், கழுவும் இடத்தில் கைத்தடம். அவ்வளவுதான். பாடம் நடத்தவில்லை, யாரும் வந்து பேசவில்லை. கழிப்பறை போய்வந்து சோப்பு போடுவது 4 சதவீதமாக இருந்தது, வேலை முடிந்த மறுநாள் 68 ஆனது. ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் 74. அங்கே தூதுவர் யார்? தரையில் இருந்த பெயின்ட்.

கொன்றைப்பூ டீச்சர், ஃபிளெக்ஸுக்குச் செலவழிக்கிற காசில் நாலு டப்பா பெயின்ட் வாங்குங்கள்.

செவ்வந்தி (நர்சிங் கல்லூரி ஆசிரியை)

சாம்பல்நாரை சொல்வதில் பாதியை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என் மாணவிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களிடம் குழாய் இருக்கிறது, சோப்பு இருக்கிறது, ஒவ்வொரு கட்டில் காலடியிலும் ஹேண்ட் ரப் (தண்ணீர் இல்லாமலே கையில் தேய்க்கும் கிருமிநாசினி) பாட்டில் இருக்கிறது. நோயாளியைத் தொடும் முன், தொட்ட பின் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து தருணங்களும் சுவரில் ஒட்டியிருக்கின்றன. முதலாண்டு மாணவிகளைப் பாருங்கள், அவ்வளவு பயபக்தியோடு கழுவுவார்கள். மூன்றாம் ஆண்டு வரும்போது அவர்களில் பலரிடம் அது தேய்ந்துபோயிருக்கும். இடையில் என்ன நடந்தது? வார்டு ரவுண்ட்ஸ் நடந்தது. பெரிய டாக்டர் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குக் கை துடைக்காமல் போவதைப் பார்த்தார்கள். சீனியர் சிஸ்டர் அவசரத்தில் விட்டுவிடுவதைப் பார்த்தார்கள். யாரும் அவர்களிடம் "கழுவாதே" என்று சொல்லவில்லை. சொல்லவே தேவைப்படவில்லை.

இது என் ஊகம் மட்டும் இல்லை. 2003-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு: அறையில் கூட இருக்கிற மேல்நிலை ஆளோ சக ஊழியரோ கை கழுவவில்லை என்றால், மற்றவர்கள் கழுவுவதும் குறைகிறது. 2009-இல் நெதர்லாந்தில் மருத்துவ மாணவர்களிடம் கேட்டபோது அவர்கள் வாயாலேயே சொன்னார்கள், மேலே இருப்பவர்கள் செய்வதைத்தான் நாங்கள் செய்கிறோம் என்று.

இந்தக் கதையின் ஆரம்பமே மாணவர்கள்தான். 1847, வியன்னா பொது மருத்துவமனை. முதல் பிரசவப் பிரிவில் மருத்துவ மாணவர்கள், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிகள். பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேராகப் பிரசவம் பார்க்க வந்த மாணவர்களின் கையால்தான் தாய்மார்கள் ஜன்னி கண்டு சாகிறார்கள் என்று அங்கே மருத்துவராக இருந்த செம்மல்வைஸ் கண்டுபிடித்தார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கழுவவைத்தார். ஏப்ரலில் சுமார் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சதவீதத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. இதைவிடப் பெரிய ஆதாரம் எதைக் காட்ட முடியும்? அப்படியும் பெரிய பேராசிரியர்கள் பலர் ஏற்கவில்லை. 1861-இல்தான் புத்தகமாக எழுதினார். அதன்பிறகு மறுத்தவர்களைக் கொலைகாரர்கள் என்றே பகிரங்கக் கடிதங்களில் எழுதினார். அவர் சொன்னது அத்தனையும் உயிர் காக்கும் உண்மை, ஆனால் கேட்க வேண்டியவர்களின் காதை அவரே அடைத்துவிட்டார் என்றுதான் நான் என் வகுப்பில் சொல்கிறேன். 1865-இல் மனநலக் காப்பகத்தில் இறந்துபோனார். நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

டீச்சர், உங்களிடம் ஒரே கேள்வி. மதியம் பிள்ளைகள் கழுவும் அதே குழாயில், அதே நேரத்தில், அவர்கள் கண்முன்னால் ஆசிரியர்கள் கை கழுவுகிறார்களா? இல்லை, ஸ்டாஃப் ரூமுக்குள்ளா?

பனங்காடு

எனக்கு ஆறு வயசுப் பையன். நான் சொன்னால் காதிலேயே விழாது, அவன் அம்மா சொன்னால் பாதி விழும். தெருவில் கபடி ஆடுகிற அண்ணன் ஒருத்தன் "கை கழுவிட்டு வாடா, அப்பத்தான் டீம்ல சேர்ப்பேன்" என்று ஒரு தரம் சொன்னான். அன்றிலிருந்து பந்துக்குக்கூட சோப்பு போடுகிறான். செவ்வந்தி சிஸ்டர் கேட்டது என்னைப்போன்ற அப்பாக்களுக்கும் உறைக்கிற கேள்வி.

நுங்கு (உளவியல் முதுகலை)

சொல்கிற ஆளின் மதிப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1951, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம், ஹோவ்லாண்ட், வைஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் செய்தது. மாணவர்களுக்கு ஒரே கட்டுரையைக் கொடுத்தார்கள், அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல் கட்ட முடியுமா என்பது போன்ற விஷயம். சிலரிடம் இதைச் சொன்னவர் விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் என்றார்கள், சிலரிடம் சோவியத் பத்திரிகை பிராவ்தா என்றார்கள். படித்தவுடன் கேட்டால் ஓப்பன்ஹைமருக்கே மதிப்பு. நான்கு வாரம் கழித்துக் கேட்டால் அந்த வித்தியாசம் கரைந்துபோயிருந்தது. யார் சொன்னது என்பது கருத்திலிருந்து கழன்றுவிடுகிறது. பிறகு 1953-இல் இன்னொரு சோதனையில், சொன்னவர் யார் என்று மறுபடி நினைவூட்டியபோது வித்தியாசம் திரும்பி வந்தது.

உங்கள் விழாவுக்கு வைத்துப் பாருங்கள். டிவி ஆள் வந்துபோன அன்று உற்சாகம் இருக்கும். ஒரு மாதத்தில் அவர் முகம் கழன்றுவிடும், மிஞ்சுவது "கை கழுவ வேண்டும்" என்ற, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த செய்திதான். தினம் கண்ணில் படுகிற ஆளுக்கு அந்தக் கதி இல்லை.

கென்யாவில் நகர்ப்புறத் தொடக்கப் பள்ளிகள் நான்கில் கேமரா வைத்துப் பார்த்தார்கள், 2014-இல் வெளிவந்தது. பிள்ளை தனியாக இருக்கும்போது கை சுத்தம் செய்தது 48 சதவீதம், கழுவும் இடத்தில் வேறு ஒருவராவது கூட இருக்கும்போது 71. அந்த இன்னொருவர் பேசினாரா என்பது முக்கியமே இல்லை, அங்கே இருந்தார். இங்கிலாந்தில் நெடுஞ்சாலை ஓய்விடக் கழிப்பறைகளில் மின்னணுப் பலகையில் விதவிதமான வாசகங்களை மாற்றி மாற்றிக் காட்டி, சோப்பு எடுப்பதை சென்சார் வைத்து எண்ணினார்கள். பெண்களில் 64 சதவீதம் சோப்பு போட்டார்கள், ஆண்களில் 32. மொத்தத்தில் நன்றாக வேலை செய்த வாசகங்களில் ஒன்று, பக்கத்தில் இருப்பவர் சோப்பு போடுகிறாரா என்று கேட்டதுதான்.

இன்னொன்று செவ்வந்தி அக்காவுக்கு. 2011-இல் கிராண்ட், ஹோஃப்மன் இருவரும் ஓர் அமெரிக்க மருத்துவமனையில் இரண்டு பலகை வைத்தார்கள். ஒன்று, கை கழுவினால் உனக்கு நோய் வராது. மற்றொன்று, கை கழுவினால் நோயாளிக்கு நோய் வராது. இரண்டாவதை வைத்த இடத்தில்தான் சோப்பும் ஜெல்லும் கூடுதலாகச் செலவானது. டீச்சர் பள்ளி அக்காவும் தம்பிக்காகத்தானே குழாயடிக்கு வருகிறாள்?

கருவேலம் (நடுநிலைப் பள்ளி ஆசிரியர்)

லட்டு லிங்கம் பற்றிப் படித்ததிலிருந்து மனசு உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். குமட்டலைத் தூண்டினால் பிள்ளைகள் கழுவுவார்கள், உண்மைதான். ஆனால் நம் ஊர் வகுப்பறையில் அந்தக் குமட்டல் யார் மேல் போய் விழும் என்று முதலில் யோசிக்க வேண்டும். "அசிங்கம்", "அழுக்கு" என்ற சொற்கள் நம்மிடம் ஏற்கெனவே சில தெருக்களோடு ஒட்டிக் கிடக்கின்றன. வீட்டில் தண்ணீர் வராத பிள்ளை, ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போடுகிற பிள்ளை, அப்பா துப்புரவுப் பணி செய்கிற பிள்ளை. "அழுக்குக் கையன்" என்று ஒரு பாத்திரத்தை மேடையில் நீங்கள் உண்டாக்கினால், மறுநாள் இடைவேளையில் அந்தப் பட்டம் யாருக்குச் சூட்டப்படும் என்று எனக்குத் தெரியும். எனக்கே சூட்டப்பட்டிருக்கிறது.

தூதுவரைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கவலை உண்டு. 'சுகாதார மந்திரி' என்று ஒரு பிள்ளையை நிறுத்துகிறோம். யாரை நிறுத்துகிறோம்? பளிச்சென்று உடுத்தி வருகிற, நன்றாகப் பேசுகிற, பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளையை. அவன் மற்றவர்களின் நகத்தைப் பிடித்துப் பார்த்து நோட்டில் பெயர் எழுதுவான். அது தூது ஆகாது, போலீஸ் வேலை. பிள்ளைகள் அவனுக்கு பயந்து கழுவுவார்கள், அவன் லீவு போட்ட அன்று விட்டுவிடுவார்கள்.

நான் சொல்ல விரும்பும் ஆள், சத்துணவு அக்கா. கை கழுவ வேண்டிய அந்த நிமிஷத்தில், அந்த இடத்தில், கையில் கரண்டியோடு நிற்பவர் அவர்தான். எல்லாப் பிள்ளையும் தினமும் அவர் முன்னால் வந்து நின்றே ஆக வேண்டும். யாருக்கு இன்னொரு முட்டை வேண்டும், யார் காலையில் சாப்பிடாமல் வந்தான் என்று அவருக்குத் தெரியும். அவர் "கையை மோந்து காட்டு கண்ணு, சோப்பு வாசம் வருதா?" என்று கேட்டால், எந்தப் பிள்ளைக்கும் தலைகுனிவு இல்லை. பட்டியலினத்துச் சமையலர் ஆக்கியதைத் தின்னக்கூடாது என்று பெற்றோர் பிள்ளைகளைத் தடுத்த செய்திகளை இதே தமிழ்நாட்டில் படித்திருக்கிறோம். அந்த மண்ணில் சுத்தத்தைப் பற்றிச் சொல்லும் உரிமையை அவர் கையில் கொடுப்பது கை கழுவுவதைவிடப் பெரிய பாடம் என்று நம்புகிறேன். அவருக்கு வேலைப் பளுவைக் கூட்டாமல், மரியாதையோடு கேட்டு, ஹெச்.எம். வாயால் பிரேயரில் அறிவித்துச் செய்ய வேண்டும்.

ஊர்க்கிணறு

கருவேலம் சார், நீங்கள் சொன்னது அந்த ஆய்வுக் கட்டுரைகளில் நான் தேடிய, கிடைக்காத பக்கம். நாடகம் போடும் யோசனையை நான் இனி யாருக்கும் இப்படியே சொல்ல மாட்டேன். அம்மா பாத்திரம் மட்டும் போதும்.

சாம்பல்நாரை

வங்கதேசத்துக் கதையின் அடுத்த பகுதியையும் சொல்ல வேண்டும். பிறகு நிறையப் பள்ளிகளை எடுத்து, பாதத் தடத்தையும் தீவிரமான சுகாதாரக் கல்வியையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தார்கள். கழுவும் இடம் கட்டும்போதே இரண்டில் எதைச் சேர்த்துக் கொடுத்தாலும் ஐந்து மாதம் கழித்துப் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே சொல்லித்தருவது வீண் என்று நான் சொல்லவில்லை. இடமில்லாமல் சொல்லித்தருவது வீண். அதில் மாற்றமில்லை.

பிலிப்பைன்ஸ் பள்ளிகளில் இன்னொரு வழி உண்டு. தினமும் வகுப்பாக வரிசையில் நின்று சோப்பு போட்டுக் கழுவுவதும் பல் துலக்குவதும் பள்ளி நேரத்துக்குள்ளேயே நடக்கிறது, வருஷத்துக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரை. டைம்டேபிளில் ஏறிவிட்டது என்றால் யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டாம்.

கொன்றைப்பூ

எல்லோருக்கும் நன்றி. செவ்வந்தி சிஸ்டர், ஆசிரியர்கள் நாங்கள் உள்ளேதான் கழுவுகிறோம். திங்கள்கிழமையிலிருந்து நானும் ஹெச்.எம்.மும் வெளிக்குழாய்க்கு வருகிறோம், அவரிடம் பேசிவிட்டேன்.

கூட்டத்தில் வைக்கப்போவது இதுதான். ஃபிளெக்ஸ் வேண்டாம், விருந்தினர் வேண்டாம். மணி அடித்து ஐந்து நிமிடம் கழித்தே பரிமாறல் தொடங்கும். ஒவ்வொரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஒன்றாம் வகுப்பில் ஒரு தம்பியோ தங்கையோ. யாரையும் பொறுக்கி எடுக்காமல் எல்லோருக்கும் உண்டு, நோட்டும் கிடையாது, பெயர் எழுதுவதும் கிடையாது. சத்துணவு அக்காவிடம் நேற்றே கேட்டேன். "இத்தனை வருஷத்தில் இப்பத்தான் என்னைக் கேட்கிறீங்க" என்றார். தரையில் பாதத் தடத்தைப் பிள்ளைகளின் காலை வைத்தே அச்செடுக்கப் போகிறோம்.

ஒரே பிரச்சினை சோப்பு. வாரம் தாங்க மாட்டேன் என்கிறது. தண்ணீரில் ஊறிக் கரைகிறது, வெளியே வைத்தால் காக்கா தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. உள்ளே பூட்டி வைத்தால் யாரும் கேட்டு வாங்குவதில்லை. காசுக்கு எங்கே போவது?

சாம்பல்நாரை

காசு பள்ளி மானியத்திலேயே இருக்கிறது டீச்சர். சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம், பிள்ளைகள் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 வரை என்றால் 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000. அதில் குறைந்தது 10 சதவீதத்தைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. கூட்டத் தீர்மான நோட்டில் சோப்பு என்று பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள். பொதுவாக "தூய்மைப் பொருட்கள்" என்று எழுதினால் பினாயிலும் துடைப்பமும் வாங்கியே தீர்ந்துவிடும்.

செவ்வந்தி

கட்டி சோப்பே வேண்டாம். வங்கதேசத்தில் செய்கிற சோப்புத் தண்ணீர் முறை இருக்கிறது: ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் 30 கிராம் சலவைத் தூள் போட்டுக் கலக்கி, மூடியில் சிறு துளை. பாட்டிலைக் கவிழ்த்து அமுக்கினால் கைக்கு வேண்டிய அளவு வரும். காக்கா தொடாது, கரைந்தும் போகாது. கழுவியபின் நன்றாகத் தண்ணீர் விட்டு அலச வேண்டும், கையில் புண், சொறி உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் சாதாரண சோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலின் மேல் "குடிக்கக் கூடாது" என்று பெரிதாக எழுதி, படமும் வரைந்து, குழாயோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். குளிர்பான பாட்டில் என்று நினைத்து ஒன்றாம் வகுப்பு வாய் வைத்துவிடும். காலையில் கலக்கி நிரப்புகிற வேலையை ஐந்தாம் வகுப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள், தூள் கண்ணில் படும். அதைப் பெரியவர் ஒருவர் செய்யட்டும்.

கொன்றைப்பூ

அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு மாதம் ஓட்டிவிட்டு, யாரும் நின்று பார்க்காத நாளில் எத்தனை பிள்ளைகள் சோப்பு போட்டார்கள் என்பதை இங்கேயே எழுதுகிறேன்.